கொலைக்கு முன் ஒரு டூயட்

‘வாராய்’ என்று தொடங்கும் அந்தப் பழைய டூயட்டை நம் வீட்டுப் பெரியவர்கள் காதல் பாட்டாகத்தான் கேட்டு வளர்ந்தார்கள். திருச்சி லோகநாதன் நிதானமாகக் கூப்பிடுவார், ஜிக்கி குழைந்துகொண்டே பின்னால் போவார். இன்றைக்கு யாராவது அதை ஏற்காடு மலைப்பாதை வீடியோ ஒன்றுக்குப் பின்னணியாகப் போட்டு ரீல்ஸ் ஆக்கினாலும் அச்சாகப் பொருந்தும். ஆனால் படத்தில் அது கொலைக்கான அழைப்பு. கணவன் மனைவியை மலையுச்சிக்குக் கூட்டிப்போகிறான், தள்ளிவிடுவதற்காக. அவளுக்கு அது தெரியாது. அவன் எப்படிப்பட்டவன் என்று பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு நன்றாகவே தெரியும்.

படம் ‘மந்திரி குமாரி’. 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. இயக்கம் எல்லிஸ் ஆர். டங்கன், டி. ஆர். சுந்தரம்; கதை வசனம் மு. கருணாநிதி, இசை ஜி. ராமநாதன், அந்தப் பாட்டை எழுதியவர் அ. மருதகாசி. எம்.ஜி.ஆர். படம் என்று பட்டியலில் போடுவார்கள். உண்மையில் அது வில்லனாக வரும் எஸ். ஏ. நடராஜனும் அவன் மனைவி அமுதவல்லியாக வரும் மாதுரி தேவியும் சுமக்கிற படம். படமாவதற்கு முன்னால் அது ஒரு மேடை நாடகம். இந்தக் கடைசித் தகவலைப் பலரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அங்கேதான் வேலை இருக்கிறது.

ஏன்னா, ‘மியூசிக்கல் த்ரில்லர்’ என்று யாராவது சொன்னால் நம் தலைமுறைக்கு உடனே லண்டனும் நியூயார்க்கும்தான் ஞாபகம் வருகிறது. அந்தப் பெயரை ஊரறியச் செய்தது ஸ்டீபன் சோந்தைமின் ‘ஸ்வீனி டாட்’. 1979 மார்ச்சில் நியூயார்க்கில் மேடையேறியபோது அதன் துணைத்தலைப்பே ‘ஒரு மியூசிக்கல் த்ரில்லர்’ என்பதுதான். அநியாயமாக நாடுகடத்தப்பட்ட ஒரு நாவிதன் லண்டனுக்குத் திரும்பி வருகிறான், தன்னைக் கெடுத்த நீதிபதியைப் பழிவாங்கக் காத்திருக்கிறான், கிடைத்தவர் கழுத்தையெல்லாம் அறுக்கிறான். கீழே கடை வைத்திருக்கும் பெண்மணி அந்த உடல்களைப் பணியாரம் மாதிரி மாவுக்குள் வைத்துச் சுட்டு விற்கிறாள். சொன்னால் அருவருப்பு. பார்க்கும்போது கண்ணீர் வருகிறது, காரணம் இசை.

அந்த நாடகத்தில் ஒரு காட்சி. நீதிபதி சவரத்துக்கு வந்து நாற்காலியில் சாய்ந்திருக்கிறான். நாவிதன் கையில் கத்தி. இரண்டு பேரும் சேர்ந்து பெண்களின் அழகைப் பற்றி ஒரு டூயட் பாடுகிறார்கள். சோந்தைம் எழுதியதிலேயே மிக மென்மையான மெட்டுகளில் ஒன்று அது. கொல்லப்போகிறவனும் சாகப்போகிறவனும் ஒரே ராகத்தில் ஒன்றுகூடுகிறார்கள். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பாட்டு முடிந்தால் கத்தி இறங்கும். அதனால் பாட்டு முடியக் கூடாது என்றும் தோன்றுகிறது, சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்றும் தோன்றுகிறது.

இதே வேலையைத்தான் 29 வருஷத்துக்கு முன்னால் சேலத்தில் செய்திருக்கிறார்கள். கொலைகாரனுக்கும் பலியாளுக்கும் ஒரு டூயட். அழைக்கிறவன் குரலில் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பொருள், அதில் ஒன்றுதான் அவள் காதில் விழுகிறது. இரண்டும் நமக்குக் கேட்கிறது. யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு இடத்திலும் நாடகக்காரர்கள் ஒரே உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்: ஒரு கொலையைப் பயங்கரமாக்குவது கொலைக்கு முந்தைய நேரம். அந்த நேரத்தை நீட்டிப் பிடிக்க வசனத்தைவிடப் பாட்டுக்குத்தான் தெம்பு அதிகம். வசனத்தில் ஒருவன் மூணு நிமிஷம் சும்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் நமக்குச் சலித்துவிடும். பாட்டில் சலிக்காது. மெட்டு திரும்பத் திரும்ப வரும்போதெல்லாம் அவள் இன்னும் நாலு படி மேலே ஏறிவிட்டாள் என்று நாமே எண்ணிக்கொள்கிறோம்.

ஸ்பாய்லர் பயம் இங்கே செல்லுபடியாகாது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் திகில் என்று ஹிட்ச்காக் விளக்கியது எல்லாருக்கும் தெரிந்த கதை. பாட்டு என்பது அந்தக் குண்டின் டிக் டிக்.

இனி கதையின் வேருக்குப் போகலாம். ‘மந்திரி குமாரி’யின் மையம் குண்டலகேசியிலிருந்து வந்தது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, பௌத்தக் காப்பியம், நாதகுத்தனார் இயற்றியது, இன்று நம் கையில் இருப்பது 19 பாடல்கள்தான். அந்த 19இல் மலையுச்சிக் காட்சி கிடையாது. நிலையாமை, அறம் என்று போகிற பாடல்கள்தான் தப்பிப் பிழைத்திருக்கின்றன. கொலை நடந்த பக்கம் தொலைந்துவிட்டது. கதை நமக்குத் தெரிவதே நீலகேசியின் உரை வழியாகவும் பாலி மொழிப் பௌத்த நூல்கள் வழியாகவும்தான்.

அந்தப் பழைய வடிவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கவனத்துக்கு வரும். கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வனைப் பார்த்து ஒரு பணக்காரப் பெண் காதல் கொள்கிறாள், அவனை மீட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறாள், அவன் அவளை மலைக்குக் கூட்டிப்போகிறான், அவள் அவனை முந்திக்கொள்கிறாள். இதுவரை எல்லாரும் ஒன்று. அவன் ஏன் கொல்லத் துணிகிறான் என்பதில்தான் பிரிகிறார்கள். பாலி மரபில் காரணம் நேரடியானது: அவள் போட்டிருக்கும் நகை. தமிழ் மரபில் அது ஊடலில் வரும் ஒரு சொல். விளையாட்டாகப் பேசும்போது அவள் அவனைக் ‘கள்வன்’ என்று சொல்லிவிடுகிறாள். அது அவனுக்குள் தைத்துவிடுகிறது. சினிமாவில் அவன் ராஜகுருவின் மகன், இரவில் கொள்ளைக்காரன். தன் ஆசைக்கும் கொள்ளைக்கும் மனைவி இடைஞ்சல்.

நகை, சொல், இடைஞ்சல். மூன்றையும் இன்றைய செய்தித்தாளில் எந்த நாளும் பார்க்கலாம்.

அமுதவல்லி தப்பிக்கும் விதத்தைப் பற்றியும் பேச வேண்டும். கொல்லப்போகிறேன் என்று அவன் சொன்னதும் அவள் கெஞ்சிப் பார்க்கிறாள். பிறகு, சாவதற்கு முன்னால் உங்களை மூன்று முறை வலம் வந்து வணங்கிக்கொள்கிறேன் என்கிறாள். கணவன் சரி என்கிறான். மூன்றாவது சுற்றில் அவனுக்குப் பின்னால் வந்து தள்ளிவிடுகிறாள். அவன் அவளை ஏமாற்றப் பயன்படுத்தியது காதல் பாட்டு. அவள் அவனை ஏமாற்றப் பயன்படுத்துவது பத்தினிச் சடங்கு. இரண்டு பேரும் ஊர் மெச்சுகிற ஒரு நல்ல விஷயத்தைக் கையில் எடுத்து ஆயுதமாக்குகிறார்கள். கதையின் இருட்டே இங்கேதான் இருக்கிறது. அவன் ஒருபோதும் சந்தேகப்படாததற்குக் காரணம், மனைவி கணவனைச் சுற்றி வந்து கும்பிடுவதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை என்று அவன் முழுமனதாக நம்பியதுதான்.

படத்தில் எனக்கு உள்ள குறையும் இதே இடத்தில்தான். பாட்டு அவன் திட்டத்துக்குக் கிடைத்தது. அவள் திட்டத்துக்கு ஒரு பாட்டு இல்லை. டூயட்டில் அவளும் பாடுகிறாள்தான், ஆனால் தெரியாமல் பாடுகிறாள். தெரிந்த பிறகு, அதாவது அவள் முழு மனுஷியாக யோசிக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில், இசை அவளைக் கைவிட்டுவிடுகிறது. சோந்தைம் போன்ற ஒருவர் இந்த இடத்தை விட்டிருக்கவே மாட்டார். மூன்று சுற்று, மூன்று சரணம். முதல் சுற்றில் பயம், இரண்டாவதில் கணக்கு, மூன்றாவதில் முடிவு. அதே ‘வாராய்’ மெட்டை அவள் வாயில் போட்டிருந்தால் போதும்.

இப்போது அரங்கத்தின் அளவுக்கு வருகிறேன்.

‘ஸ்வீனி டாட்’ முதலில் மேடையேறிய யூரிஸ் தியேட்டர் 1,900 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம். இயக்குநர் ஹெரால்ட் பிரின்ஸ் பழைய இரும்பு வார்ப்பாலை ஒன்றின் பாகங்களைக் கொண்டுவந்து மேடையை நிரப்பினார். ஒவ்வொரு கொலைக்கும் ஆலைச் சங்கு அலறும். தொழிற்புரட்சி மனிதர்களை அரைத்துத் தின்கிறது என்பது அவர் படித்த படிப்பு. தப்பில்லை. ஆனால் சோந்தைம் மனதில் இருந்தது சின்ன அறை, நெருக்கம், திடுக்கிடல். பிறகு வந்தவர்கள் அவர் கனவுக்குப் பக்கத்தில் போனார்கள். ஜான் டாயில் இயக்கிய வடிவத்தில் தனி இசைக்குழு கிடையாது. நடிகர்களே வாத்தியம் வாசித்தார்கள். 2005இல் அது பிராட்வேக்கு வந்தபோது மேடையில் மொத்தம் 10 பேர். கொலை நடக்கும்போது ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்குச் சிவப்புத் தண்ணீர் ஊற்றப்படும். அவ்வளவுதான் ரத்தம்.

2014இல் இன்னும் ஒரு படி போனார்கள். தெற்கு லண்டனின் டூட்டிங் பகுதியில், உண்மையாகவே இயங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய இறைச்சிப் பணியாரக் கடைக்குள் நாடகத்தை நடத்தினார்கள். முப்பத்துச் சொச்சம் பேர்தான் உட்கார முடியும். பார்வையாளர்கள் கடையின் சாப்பாட்டு மேசைகளிலேயே அமர்ந்தார்கள், நடிகர்கள் அந்த மேசைகள்மேல் ஏறி நடந்தார்கள். டூட்டிங் எது என்று ஈழத்தமிழர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நம் சனங்கள் கடை வைத்திருக்கும், தோசையும் கொத்துரொட்டியும் கிடைக்கும் வட்டாரம் அது. அந்தத் தெருக்களுக்கு நடுவே ஒரு கொலை நாடகம் தனக்குரிய சரியான அறையைக் கண்டுபிடித்தது.

சின்ன அரங்கில் நடப்பது என்ன? பெரிய மேடையில் நீங்கள் சாட்சி. தூரத்தில் இருப்பதால் உங்களுக்குப் பொறுப்பில்லை. கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சும்மா இருப்பதே ஒரு செயலாகிவிடுகிறது. “அடே, எந்திரிச்சு ஓடு” என்று ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலியில் இருப்பவனுக்குக் கேட்டுவிடும். ஆனால் சொல்ல மாட்டோம். பாட்டு நன்றாக இருக்கிறது, கெடுக்க மனசு வராது. இசை நம்மையும் உடந்தையாக்கிவிடுகிறது. நகைக்காக ஒரு பெண் மலையேற்றப்படும் கதையில் இந்த உடந்தைதான் முக்கியம்.

நாம் ஏன் இந்த வழியில் போகவில்லை? ஒரு காரணத்தைத் துணிந்து சொல்வேன்: ‘அந்த நாள்’. 1954, ஏவிஎம், எஸ். பாலசந்தர் இயக்கம். பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். ஒரு கொலை, பல வாக்குமூலங்கள். அருமையான படம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதிலிருந்து நம் ரசனை எடுத்துக்கொண்ட பாடம் கோணலானது. சீரியஸான த்ரில்லர் என்றால் பாட்டை வெட்டு. பாட்டு என்றால் பாப்கார்ன் வாங்கப் போகிற நேரம். இன்றுவரை ஒரு த்ரில்லரைப் பாராட்ட நாம் சொல்லும் முதல் வாக்கியம் “தேவையில்லாம பாட்டு எதுவும் இல்லைங்க” என்பதுதானே.

வேடிக்கை என்னவென்றால் பாலசந்தர் வீணை வித்துவான். இசை தெரியாமல் பாட்டை வெட்டியவர் இல்லை. எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டியவர். பத்து வருஷம் கழித்து 1964இல் அவரே ‘பொம்மை’ எடுத்தார். ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு, அது கைமாறிக் கைமாறிப் போகிறது. அந்தப் படத்தில் பாட்டு உண்டு. யேசுதாஸின் தமிழ்க் குரல் முதன்முதலில் பதிவானதும் அதற்காகத்தான். ஆக, பாட்டும் திகிலும் ஒன்றுக்கொன்று பகை என்ற கட்சியை அவர் ஆரம்பிக்கவில்லை. ரசிகர்களாகிய நாம்தான் ஆரம்பித்து அவர் பெயரில் பதிவு செய்துவிட்டோம்.

மேடையும் அதே நோயில் விழுந்தது. இன்று இருண்ட நாடகம் போட நினைக்கும் இளைஞர் குழுக்களில் பல, இசை என்றால் ஸ்பீக்கரில் ஓடும் ட்ராக் என்றே எடுத்துக்கொள்கின்றன. சினிமாவிலிருந்து கற்றது அது. பதிவான இசைக்கு மேடையில் நடப்பது தெரியாது. நடிகர் ஒரு நொடி தயங்கினால் அது தயங்காது. பார்வையாளர் பக்கம் யாராவது மூச்சை இழுத்தால் அது காத்திருக்காது. திகில் என்பது தயக்கத்தில் இருக்கிற சமாச்சாரம். அதை லேப்டாப்பிடம் ஒப்படைத்த அன்றே பாதி நாடகம் போய்விடுகிறது.

கொங்கு நாட்டுக்காரர்கள் இதற்கு லண்டன்வரை போக வேண்டியதே இல்லை. அண்ணமார் கதையை உடுக்கையடித்துப் பாடுகிறவர்களை ஒருமுறை கேளுங்கள். ஒரு ஆசான், ஒரு பின்பாட்டுக்காரர், ஒரு உடுக்கை. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை விரலால் இறுக்கினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். அந்த ஒரே கருவியில் கொம்பன் பன்றியின் உறுமலும் தங்காளின் விம்மலும் வரும். கதை பல இரவுகள் போகும். பிரெண்டா பெக் என்ற கனடிய மானிடவியலாளர் 1965இல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி அதை முழுக்க ஒலிப்பதிவு செய்தார்.

பொன்னரும் சங்கரும் மடிவார்கள் என்பது கேட்க வந்த குழந்தைக்கும் தெரியும். இருந்தும் படுகளம் நெருங்க நெருங்கக் கூட்டம் கல்லாகிவிடும். கோயில் விழாக்களில் அந்தக் கட்டம் வரும்போது பாட்டைக் கேட்டே ஆட்கள் மயங்கிச் சரிவார்கள், பிறகு அவர்களை எழுப்புகிற சடங்கு நடக்கும். பார்வையாளரை உடந்தையாக்குவது என்று மேலே எழுதினேனே, இவர்கள் அதையும் தாண்டிப் பார்வையாளரைப் பிணமாகவே ஆக்கி எழுப்புகிறார்கள். வடக்கே தெருக்கூத்தில் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதும் இந்தக் கணக்குதான். ஒவ்வொரு படிக்கும் பாட்டு. கீழே நிற்கிற சனம் அண்ணாந்து பார்த்தபடி கூடவே ஏறுகிறது. ‘மந்திரி குமாரி’யின் மலையேற்றப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மேடையில் பாடிக்கொண்டே ஏறத் தெரிந்த மரபிலிருந்து வந்தது என்றுதான் சொல்வேன்.

அந்த மரபு கோவைக்கும் அந்நியமில்லை. கருணாநிதி வசனம் எழுதப் பழகிய காலத்தில் சிங்காநல்லூரில் குடியிருந்தார். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனான ‘ராஜகுமாரி’ (1947) கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது. நாடகக் கம்பெனிகளில் பாடிப் பழகிய நடிகர்கள் அந்த ஸ்டுடியோ வளாகங்களுக்குள் நடமாடிய ஊர் இது. இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பது ஆயிரம் நாற்காலி போட்ட கலையரங்கங்களும் கல்யாண மண்டபங்களும். இருண்ட நாடகத்துக்கு இரண்டுமே ஆகாது.

சரி, டூட்டிங்காரர்களின் கேள்வியை நாமும் கேட்போம். இந்தக் கதைக்கு நம் ஊரில் சொந்தமான அறை எது? பணியாரக் கொலைக்குப் பணியாரக் கடை. அமுதவல்லிக்கு?

காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் பதில் கிடைக்கும். நகைக்கடை, துணிக்கடை, மறுபடி நகைக்கடை. தங்க நகை செய்வதில் நாட்டின் முக்கிய ஊர்களில் ஒன்று கோவை. முகூர்த்த சீசனில் கொங்கு நாட்டின் பாதிக் குடும்பம் இங்கே பஸ் இறங்குகிறது. பொண்ணுக்கு எத்தனை பவுன் போடறீங்க என்ற கேள்வியை நாம் வெட்கமில்லாமல், மரியாதையோடு, ‘ங்க’ போட்டுக் கேட்கிற ஊர். கடை சாத்தின பிறகு, ராத்திரி பத்து மணிக்கு, காலியான ஒரு சின்ன நகைக்கடையின் கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே நாற்பது நாற்காலி. ஒரு பாடகன், ஒரு பாடகி, ஒரு உடுக்கை. மலைக்கு செட் எதுவும் வேண்டாம். வாடிக்கையாளர் உட்காரும் முக்காலி ஒன்று போதும், கூத்துக்காரர்கள் ஒரு பெஞ்சை வைத்தே சிம்மாசனமும் செய்வார்கள், மலையும் செய்வார்கள்.

அவன் பாடிக்கொண்டே அவளுக்கு ஒவ்வொரு நகையாகப் போட்டுவிடட்டும். சங்கிலி, ஆரம், வளையல். பவுன் ஏற ஏற மெட்டும் ஏறட்டும். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் மனசுக்குள் எடை போடுவார்கள், பழக்கம் அப்படி. அந்தக் கூட்டல் முடியும்போதுதான் இது என்ன பாட்டு என்று உறைக்க வேண்டும். அதன் பிறகு அவளுடைய மூன்று சுற்று, 1950இல் யாரும் அவளுக்கு எழுதாத மூன்று சரணம். சுற்றி வரும்போது அவள் போட்டிருக்கும் நகையெல்லாம் சத்தம் போடும். அதுவே தாளம். உடுக்கைகூட நிறுத்திக்கொள்ளலாம்.

இதற்கு ஸ்பான்சர் கிடைப்பது கஷ்டம்தான், எந்த நகைக்கடை முதலாளி சாவியைக் கொடுப்பார் என்று கேட்பீர்கள். டூட்டிங் கடைக்காரர் கொடுத்தாரே. மனிதக் கறிப் பணியாரம் விற்கும் கதைக்குத் தன் பணியாரக் கடையையே திறந்துவிட்டார். நம் ஊரில் அதற்கு ஒருவர் துணியும்வரை, மாடி அறையோ பழைய பட்டறையோ கிடைத்தால் அங்கே ஆரம்பிக்கலாம். நிபந்தனை இரண்டே இரண்டு: கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாடுகிறவளின் மூச்சு கேட்க வேண்டும், ஸ்பீக்கர் இருக்கக் கூடாது.